யுங்கருக்கு ஒரு தமிழ்ச் சொல்

அந்தப் பையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுங்க தம்பி. இல்ல, என் பை மடியிலயே இருக்கட்டும், மேல வைக்க மாட்டேன். எவன் எதைத் தூக்கிக்கிட்டு எறங்குவான்னு யாரு கண்டா? சீ, என்ன நாத்தம் இது? யாரோ கருவாட்டுக் கூடையோட ஏறியிருக்கா. ஜன்னலைத் தெறங்க. தெறக்காதா? கருமம்.

தஞ்சாவூர்தானே நீங்க? நானும் தஞ்சாவூர்தான். அங்க எனக்கு ஒரு வேலையும் கெடையாது. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். போவேன், புது பஸ் ஸ்டாண்டுல ஒரு காபி குடிப்பேன், திரும்ப மன்னார்குடி பஸ்ல ஏறிடுவேன். சாயங்காலம் அஞ்சு மணி தாண்டணும், அவ்வளவுதான். கார் வீட்டு வாசல்ல நிக்குது. நிக்கட்டும். அய்யாவுக்குக் காய்ச்சல், உள்ள படுத்திருக்காருன்னு ஊரு நெனைச்சுக்கட்டும். காரை எடுத்தா நாலு பேருக்குத் தெரிஞ்சுபோயிடும். பஸ்ல என்னை யாரு தேடப்போறா? எங்க வீட்டுல ரூட் பஸ்ல ஏறின மொத ஆளு நான்தான், அதுவும் அறுபத்திநாலு வயசுல. எல்லாம் ஒரு பொம்பளையால.

சே சே, நீங்க நெனைக்கிற மாதிரி ஒண்ணுமில்ல. எங்க காலேஜுல வேலை பாக்குறவ. எங்க தாத்தா பேர்ல காலேஜு, நான் செயலர். என் பேரு நடனசபாபதி, கேள்விப்பட்டிருப்பீங்க. இல்லையா? சரி. அவ ஹிஸ்டரி வாத்தியாரு, பேரு அம்சவல்லி. டாக்டர் அம்சவல்லி! அவ அப்பன் பக்கிரி எங்க வயல்ல கெடந்தவன். பண்ணையாளான்னு கேக்காதீங்க, எங்க வீட்டுல அந்த வார்த்தையே கெடையாது. நம்ம ஆளுன்னுதான் சொல்லுவோம். அவ்வளவு மரியாதையா வச்சிருந்தோம்.

இந்தப் பையில என்ன இருக்கு தெரியுமா? அவ சர்ட்டிபிகேட்டு. பத்தாவதுலேருந்து டாக்டர் பட்டம் வரைக்கும், அத்தனையும் அசல். விழுப்புரம் பக்கம் ஒரு காலேஜுல அவளுக்கு வேலை கெடைச்சிருக்கு. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள இதைக் காட்டி அங்க சேரணும், இல்லாட்டி அடுத்த ஆளைக் கூப்புட்டுருவாங்க. மூணு நாளா ஆபீசுக்கு நடந்து நடந்து பாத்தா. திங்கக்கெழமை நான் மெட்ராஸ் போயிட்டேன்னாங்க. செவ்வாய்க்கெழமை காய்ச்சல். இன்னைக்கு எந்திரிச்சு உக்காரக்கூட முடியல எனக்கு. புரியுதுல்ல?

ஏன் என்கிட்ட இருக்கா? வேலையில சேரும்போதே வாங்கி வச்சுக்கறதுதான். ஊருல பாதிக் காலேஜுல உள்ளதுதான். நடு வருசத்துல ஓடிடக் கூடாது பாருங்க.

நீங்க என்ன படிச்சீங்க? பி.காமா? அப்ப உங்களுக்குப் பிரஷ்யா தெரியாது. ஜெர்மனின்னு இன்னைக்குச் சொல்றோமே, அதுல பெரிய கை பிரஷ்யாதான். ஒண்ணும் வெளையாத மணல் காடு. மலை கெடையாது, தங்கம் கெடையாது. அதை வச்சுக்கிட்டு ஐரோப்பாவையே நடுங்க வச்சான். எப்படி? ஒழுங்கு, தம்பி, ஒழுங்கு. ஒரு ராஜா இருந்தாரு, எங்க வளத்தியான ஆளைப் பாத்தாலும் பட்டாளத்துக்குப் பிடிச்சுக்கிட்டு வந்துருவாரு. அவரு கையில பெரம்போட பெர்லின் தெருவுல போவாராம். சும்மா நிக்கிறவனைக் கண்டா ராஜாவே சாத்துவாராம். இங்க நம்ம காலேஜு வாசல்ல நாப்பது பேரு சும்மா நிக்கிறான், ஒருத்தனை ஏன்டான்னு கேக்க முடியல. அவரு மகன் ஊரூராப் போயி குடியானவன் உருளைக்கெழங்கு போட்டுருக்கானா இல்லையான்னு பாத்தவரு. அப்பறம் பிஸ்மார்க். ரத்தமும் இரும்பும்னு பேசினவரு. என் ரூம்ல அவரு படம் மாட்டியிருக்கேன். வர்றவன்லாம் எங்க தாத்தான்னு நெனைச்சுக் கும்புட்டுட்டுப் போவான், மீசை அப்படி.

நான் திருச்சியில பி.ஏ. ஹிஸ்டரி படிச்சவன். அதுல பிரஷ்யான்னா எனக்கு உசிரு. ஆனா நம்ம பசங்களுக்குத் தமிழ்ல அதைப் பத்தி ஒழுங்கா ஒரு புத்தகம் இல்ல. அதனால நான்தான் கூப்பிட்டுச் சொன்னேன். கேட்டுக்கங்க, நான்தான். அம்சவல்லி, நீ நல்லா எழுதற, இங்கிலீஷ்ல நாலஞ்சு புத்தகத்தைப் பாரு, நம்ம பசங்களுக்குப் புரியற மாதிரி பிரஷ்யா வரலாறு எழுதுன்னேன். சரிங்க சார்னா. ரெண்டு வருசம் எழுதினா. எழுதினான்னா, சும்மா சொல்லக் கூடாது, மாடு மாதிரி உழைச்சா. நான் அணிந்துரை எழுதிக் குடுத்தேன். கட்டுப்பாட்டையே கண்ணாகக் கொண்ட நாடுன்னு ஆரம்பிச்சிருந்தேன்.

அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கையெழுத்துப் பிரதி என்கிட்ட வந்துச்சு. முழுசும் படிக்க எங்க நேரம்? ராஜாக்கள் வர்ற ரெண்டு பாடம் படிச்சேன். அதுல பக்கத்துக்குப் பக்கம் யுங்கர், யுங்கர்னு வருது. அந்த ஊர்ல நெலம் நீச்சோட இருந்த பெரிய மனுசங்களுக்கு அந்தப் பேரு. பட்டாளத்துல அதிகாரியெல்லாம் அவங்க வீட்டுப் பிள்ளைங்கதான், நாட்டுக்கே முதுகெலும்பு மாதிரி. எனக்குத் தெரியும். ஆனா நம்ம பசங்களுக்கு என்ன தெரியும்? உடனே சிவப்பு மையை எடுத்து ஓரத்துல எழுதினேன்: "இது என்ன பாஷை? நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழ்ச் சொல் போடவும்." கீழ கையெழுத்தும் போட்டேன்.

போட்டா. புரியற தமிழ்ச் சொல்லாத்தான் போட்டா. யுங்கர்னு இருந்த எடத்துலெல்லாம் பண்ணையார்னு போட்டுட்டா.

அது எனக்கு எப்பத் தெரியும்னு நெனைக்கிறீங்க? வெளியீட்டு விழாவுல. மேடையில. மைக்குக்கு முன்னாடி நின்னுக்கிட்டு.

ஊரையே கூப்புட்டிருந்தேன் தம்பி. எல்லாத் தெருவுக்கும் சொல்லுங்கடான்னேன், தெற்குத் தெருவையும் விட்டுறாதீங்க, அவங்க பொண்ணு எழுதின புத்தகம்னேன். அந்தப் பெருந்தன்மைதான் என்னைக் கெடுத்துச்சு. மூணு வரிசை வந்து உக்காந்திருந்தாங்க. பக்கிரி கடைசியில தூணோரமா நின்னான், நாற்காலி காலியா இருந்தும் உக்காரல. பழகின பழக்கம் பாருங்க, எனக்கே அதைப் பாத்து சந்தோசமா இருந்துச்சு. நான் பேசி முடிச்சுட்டு, ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டறேன்னேன். எந்தப் பக்கம்மான்னு அவளைக் கேட்டேன். எதை வேணும்னாலும் வாசிங்க சார்னா. நடுவுல பிரிச்சேன். காலேஜு காலத்துல நாடகத்துல நடிச்சவன், என் குரலைத்தான் கேக்கறீங்களே, கணீர்னு இருக்கும்.

"பண்ணையாரின் உத்தரவில்லாமல் பண்ணையாள் ஊரை விட்டுப் போக முடியாது. உத்தரவில்லாமல் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. உத்தரவில்லாமல் பிள்ளையை வேறு தொழிலுக்கு அனுப்ப முடியாது. பிள்ளைகள் வளர்ந்ததும் சில வருடங்கள் பண்ணையார் வீட்டில் வேலை செய்ய வேண்டும். வழக்கு விசாரிப்பவர் பண்ணையாரே. தண்டனை கொடுப்பவரும் பண்ணையாரே."

மூணாவது வரியிலயே முழிச்சுக்கிட்டேன். நிறுத்தணும்னு தோணுது, வாய் நிக்க மாட்டேங்குது. அப்பத்தான் தூணோரத்துலேருந்து பக்கிரி கேட்டான்:

"இது எந்த ஊருங்கய்யா?"

பிரஷ்யான்னேன்.

"அங்கயுமா?"ன்னான்.

அவ்வளவுதான். மண்டபமே சிரிச்சுச்சு. மொத வரிசையில எங்க சித்தப்பா மகன் சிரிக்கிறான். பிரின்சிபாலு கைக்குட்டையால வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கறாரு. பக்கிரி நக்கல் பண்ணியிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும் தம்பி. அவன் நெசமாவே கேட்டான். கண்ணு ரெண்டும் விரிஞ்சிருந்துச்சு. வெள்ளைக்காரன் நாட்டுலயுமான்னு அவனுக்கு அப்படி ஒரு ஆச்சரியம். தூ! அந்த மூஞ்சியை நெனைச்சா இப்பவும் குமட்டுது.

அன்னைலேருந்து ஊர்ல இதே பேச்சு. டீக்கடையில பால் தீந்துபோச்சுன்னா ஒருத்தன் அங்கயுமாங்கறான். பேங்குல ஏ.டி.எம். வேலை செய்யலைன்னா அங்கயுமாங்கறான். எங்க வீட்டுச் சமையக்காரம்மா, புதுசா வந்தவ, ஒண்ணும் தெரியாதவ, ரசத்துல உப்பு ஜாஸ்தின்னு நான் சொன்னா, சாம்பாரைக் காட்டி அங்கயுமாய்யான்னு கேக்கறா. என் பொண்டாட்டி அடுப்படியில நின்னு சிரிக்கிறா. என்ன பண்ணுவீங்க நீங்களா இருந்தா?

போன் அடிக்குது பாருங்க. ஆபீஸ்லேருந்துதான், கலியமூர்த்தி, எங்க சூப்பரண்டு. அடிக்கட்டும். எடுத்தா, அந்தம்மா வந்து நிக்கிறாங்க சார்ம்பான். அந்தம்மாவாம். வடுவூர் வந்துருச்சா? மணி என்ன, ரெண்டரைதானா? இந்தப் பஸ்ஸு நகரவே மாட்டேங்குது.

சும்மா விடுவேனா? குழுவைக் கூட்டினேன். அஞ்சு பேரு. நானு, பிரின்சிபாலு, தமிழய்யா ஒருத்தரு, எங்க மச்சான், அப்பறம் காலேஜுக்கு எடம் குடுத்த ஜமீன் குடும்பத்துப் பெரியவரு. அம்சவல்லியையும் வரச்சொல்லி உக்கார வச்சோம். அடுத்த பதிப்புல அந்த வார்த்தையை எடுத்துட்டு வேற போடும்மான்னேன். போடறேன் சார், என்ன போடணும்னு சொல்லுங்கன்னு பேனாவைத் தெறந்து வச்சுக்கிட்டா.

மிராசுதார்னு போடுன்னாரு பிரின்சிபாலு. யோவ், எங்க வீட்டு வாசல்ல பித்தளைத் தகட்டுல என்னய்யா எழுதியிருக்கு, எங்கப்பா பேருக்கு முன்னாடின்னேன். சரி, நிலக்கிழார்னாரு தமிழய்யா. எங்க மச்சான் குதிச்சுட்டான், போன மாசம்தான் அவன் மக கல்யாணப் பத்திரிகையில நிலக்கிழார்னு அச்சடிச்சு ஆயிரம் பேருக்குக் குடுத்திருக்கான். ஜமீன்தார்னு போட்டா என்னன்னு அவன் கேட்டான். ஜமீன் பெரியவரு கைத்தடியைத் தரையில தட்டினாரு, அதையும் விட்டோம். எஜமான்? அது மொதலாளிக்கெல்லாம் ஆவும், குழப்பம். கடைசியா தமிழய்யா, பிரபுன்னு போட்டுடலாமே, கம்பீரமா இருக்குன்னாரு. பிரபு என் மகன் பேருய்யா!

அப்ப அவ சொல்றா, கொஞ்சம்கூடச் சிரிக்காம சொல்றா: "யுங்கர்னே விட்டுடலாமா சார்? மொதல்ல அப்படித்தான் எழுதியிருந்தேன்." சொல்லிட்டு என் சிவப்பு மை எழுதின தாளை எடுத்து மேசையில வச்சா. பத்திரமா வச்சிருந்திருக்கா பாருங்க! எவ்வளவு நஞ்சு இருந்தா ஒரு தாளைப் பத்திரமா வச்சிருப்பா! சரி, யுங்கர்னே போட்டுத் தொலைன்னேன். போடறேன் சார், அடிக்குறிப்புல அர்த்தம் குடுக்கணுமே, யுங்கர்னா யாருன்னு என்ன எழுதட்டும்னா.

அஞ்சு பேரும் அடிக்குறிப்பு வேண்டாம்னு தீர்மானம் போட்டுட்டு எந்திரிச்சோம்.

அதோட முடிஞ்சுதா? புதுப் பதிப்பைப் பாத்துட்டு வகுப்புல பசங்க யுங்கர்னா யாரு மேடம்னு கேட்டிருக்கான். குழு முடிவு பண்ணினதுப்பா, எனக்குச் சொல்ல அதிகாரமில்லன்னுட்டா. மறுநாள் எட்டு பசங்க என் ரூமுக்கு வந்து வரிசையா நிக்கிறான். "சார், யுங்கர்னா யாரு சார்?" படத்துல பிஸ்மார்க் பாக்கறாரு, நான் பாக்கறேன். போங்கடா வெளியிலன்னேன். போகும்போது ஒருத்தன் இன்னொருத்தன்கிட்ட சொல்றான், தெரிஞ்சுபோச்சு வாடான்னு.

நான் கெட்டவன் இல்ல தம்பி. அவ அப்பனை வரச்சொல்லி நல்லபடியாத்தான் பேசினேன். வந்தான், வாசல்ல நின்னான். பக்கிரி, உன் மக படிச்சது எங்க பள்ளிக்கூடம், வேலை எங்க காலேஜு, கொஞ்சம் புத்தி சொல்லுன்னேன். தலையை ஆட்டினான். அப்பறம் சொல்றான், "ஐயா, அந்தப் புத்தகத்தை அவ எனக்குப் படிச்சுக் காட்டினா. அதுல உள்ளதுக்கும் நம்ம ஊருக்கும் ஒண்ணு ஒத்து வரல."

எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. சொல்லு பக்கிரி, சத்தமா சொல்லுன்னேன்.

"அங்க பண்ணையாரு கல்யாணத்துக்கு உத்தரவு குடுத்துருக்காருங்கய்யா. நம்ம பெரியய்யா எனக்குக் குடுக்கலீங்களே. நடவு முடியட்டும்னாரு, அறுப்பு முடியட்டும்னாரு. ரெண்டு வருசம். எனக்குப் பேசி வச்சிருந்த பொண்ணை வேற எடத்துல குடுத்துட்டாங்க. அப்பறம்தான் அம்சவல்லி அம்மாவைக் கட்டினேன்."

எங்கப்பா காலத்துக் கதை, நாப்பத்தஞ்சு வருசத்துக்கு முந்தினது! அதை மனசுல வச்சுக்கிட்டு அலையறான். அவன் கல்யாணத்துக்குக் கூறைப் புடவை எங்க வீட்டுலேருந்து போச்சே, அது ஞாபகம் இருக்கா? எங்கம்மா தன் கையால மஞ்சள் தடவிக் குடுத்தா. அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நன்றி கெட்ட ஜென்மங்க. நான் எந்திரிச்சு உள்ள போயிட்டேன்.

அதுக்கப்பறம் அவளை நான் ஒண்ணும் பண்ணல. காலையில ஏழரைக்கு லைப்ரரி டூட்டி போட்டேன், சாயங்காலம் ஆறு மணிக்குப் பாத்ரூம் சுத்தமா இருக்கான்னு பாத்துக் கையெழுத்துப் போடற வேலை குடுத்தேன். எல்லாரும் செய்யற வேலைதான். சரி, இப்ப அவ மட்டும் செய்யறா. ஒரு வார்த்தை, தப்புதான் சார்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாத்தையும் எடுத்திருப்பேன். கேட்டும் பாத்தேன். எது தப்புன்னு சொல்லுங்க சார், சொல்றேங்கறா. எதைன்னு நான் சொல்றது? எதைச் சொன்னாலும் அது என் தலையில வந்து உக்காருது.

போன வாரம் ராஜினாமாக் கடுதாசியோட வந்தா. விழுப்புரத்துல வேலை கெடைச்சிருக்கு, சர்ட்டிபிகேட்டைக் குடுங்க சார்னா. நான் உத்தரவு குடுத்தாத்தானேம்மா நீ போவன்னேன். என்னையே கொஞ்ச நேரம் பாத்தா. எதுக்குப் பாத்தான்னு எனக்கு இன்னும் புரியல. எட்டாவது பாடத்தை ஒரு தடவை படிங்க சார்னு சொல்லிட்டுப் போயிட்டா.

படிச்சேனே! விடுவேனா? அன்னைக்கே உக்காந்து முழுசும் படிச்சேன். அவ புத்தகத்தை வச்சே அவளை மடக்கலாம் தம்பி. நெப்போலியன்கிட்ட அடி வாங்கினப்பறம் பிரஷ்யா ராஜா ஒரு உத்தரவு போட்டாரு, ஆயிரத்தி எண்ணூத்தி ஏழுல. இத்தனாம் வருசம் மார்ட்டின்னு ஒரு புனிதரோட திருநாளுக்கு அப்பறம் இந்த நாட்டுல சுதந்தரமான மனுசங்கதான் இருப்பாங்கன்னு. நல்லா இருக்குல்ல? ஆனா அதோட நிக்கலையே. தான் உழுத நெலம் தனக்குச் சொந்தமாவணும்னா மூணுல ஒரு பங்கு, சில எடத்துல பாதி, யுங்கருக்கு விட்டுக் குடுத்துட்டுத்தான் வாங்கணும். அதுதானே மொறை? எதையாவது விட்டுட்டுத்தானே போவணும்? இவ சும்மா போறேங்கறா!

இன்னொண்ணு கேளுங்க. வேலைக்காரங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு சின்னப் புத்தகம். இவன் எப்படிப்பட்டவன்னு எஜமான் அதுல எழுதிக் கையெழுத்துப் போடணும். அது இல்லாம அடுத்த வீட்டுல சேக்க மாட்டான். என்ன அருமையான ஏற்பாடு! படிச்சப்ப எனக்கு மெய்யாவே சிலிர்த்துச்சு. அதைப் போயி கொடுமைன்னு எழுதி வச்சிருக்கா. அப்பறம் ஓட்டு. வரி கட்டறதைப் பொறுத்து மூணு வகுப்பாப் பிரிச்சு ஓட்டு. பெரிய வரி கட்டற நாலு பேரோட ஓட்டும், ஒண்ணுமில்லாத நூறு பேரோட ஓட்டும் ஒண்ணு. எழுபது வருசம் அப்படி ஓடியிருக்கு நாடு, ஒரு கொறையும் இல்லாம. கடைசியில என்ன ஆச்சு? போர்ல தோத்து, நாப்பத்தேழுல ஜெயிச்சவன்லாம் கூடி ஒரு தாள்ல எழுதிட்டான், பிரஷ்யான்னு ஒரு நாடு இனிமே கெடையாதுன்னு. அவ்வளவு பெரிய நாட்டை, ஒரு தாள்ல! அந்தக் கடைசிப் பக்கத்தைப் படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அவ ஒரு சொட்டு வருத்தமில்லாம எழுதியிருக்கா.

மறுபடியும் அடிக்கிறான். ஏழாவது தடவை. எடுத்துத் தொலையறேன், இருங்க.

சொல்லு கலியமூர்த்தி. எனக்குக் காய்ச்சல்னு சொன்னேன்ல? என்ன? சேந்துட்டாளா? எங்க? எப்படிய்யா சேந்தா, சர்ட்டிபிகேட்டு என்கிட்டல்ல இருக்கு? என்ன லெட்டரு? நான் எப்ப... ம். ம். யாரு சொன்னது அப்படி? அவன் ஆபீசுக்கு வரட்டுமே. ஏன் வரமாட்டானாம்? நீ கொண்டு போயேன்யா. சரி. சரி, வையி.

தண்ணி இருக்கா தம்பி? குடுங்க. வாய் வச்சுக் குடிக்க மாட்டேன், பயப்படாதீங்க.

ரெண்டு மணிக்கே சேந்துட்டாளாம். நேத்து நான்தான் கலியமூர்த்திக்குப் போன்ல சொன்னேன். அவ ஆபீசுல உக்காந்து உசிரை வாங்கறா, எழுதிக் கேட்டா எழுதிக் குடுத்து அனுப்பு, சர்ட்டிபிகேட்டு ஆபீசுல இல்ல, செயலர் கைவசம் இருக்குன்னு. ஆபீசுக்குத் தொந்தரவு இருக்காதேன்னுதான் சொன்னேன். இவன் காலேஜு தாள்ல அடிச்சு, சீல் குத்தி, காலையில எட்டு மணிக்கே குடுத்திருக்கான். அதை எடுத்துக்கிட்டு நேரா விழுப்புரம் போயிட்டா. அங்க உள்ள பிரின்சிபாலம்மா, அசல் இருக்குறதுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும், உக்காருங்கன்னு நகலை வச்சே சேத்துக்கிட்டாளாம். அதோட விட்டாளா? எங்க ஆபீசுக்குப் போன் போட்டு, அடுத்தவங்க அசலை வச்சுக்கறது குத்தம், மூணு நாளைக்குள்ள ஒப்படைச்சுட்டு ரசீது அனுப்புங்க, இல்லாட்டி உங்க லெட்டரையே வச்சு யுனிவர்சிட்டிக்கு எழுதுவேன்னு சொல்லியிருக்கா. அம்சவல்லி அவ அப்பனை வாங்கிக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டாளாம்.

பக்கிரியை ஆபீசுக்கு வரச்சொல்லுடான்னேன். கூப்புட்டுப் பாத்தேன் சார், வரமாட்டேங்கறாருங்கறான் கலியமூர்த்தி. பக்கிரிக்கு 'ஆர்' போடறான்! என் சம்பளத்தைத் தின்னுக்கிட்டு! எதுக்கு நான் வரணும், வச்சுக்கிட்டவங்க கொண்டாந்து குடுக்கட்டும், எப்ப வந்தாலும் நான் வீட்டுலதான் இருப்பேன்னு சொல்லியிருக்கான். நீ போயிக் குடுத்துட்டு வான்னு இவனைச் சொன்னா, லெட்டர்ல உங்க கைவசம்னுதான் சார் இருக்கு, ரசீதுல ஒப்படைச்சவர் கையெழுத்து உங்களோடதுதான் வேணுமாம், வாங்கிக்கறவரு எதிர்ல போடணுமாம், நான் போனா செல்லாதுங்கறான்.

நானே போவணும் போலத்தான் இருக்கு. விசயம் யுனிவர்சிட்டிக்குப் போனா பேப்பர்ல வந்துரும், காலேஜு பேரு நாறிடும்.

சிரிப்பு வருதா உங்களுக்கு? வரும், வரும். எனக்குப் பொறந்து வளந்தது எல்லாம் அதே ஊருதான். அறுபத்திநாலு வருசத்துல தெற்குத் தெருவுக்குள்ள நான் கால் வச்சதே இல்ல தம்பி. வேணும்னா ஆள் விட்டுக் கூப்புடுவோம், வந்து நிப்பாங்க. எங்கேருந்து வர்றாங்கன்னு யாரு பாத்தா? அந்தத் தெருவுல எத்தனை வீடு, பக்கிரி வீடு மொதல்ல இருக்கா கடைசியில இருக்கா, ஓடா ஓலையா, ஒண்ணும் எனக்குத் தெரியாது. இந்தப் பையோட தெருமொனையில போயி நின்னு யாரையாவது வழி கேக்கணும். இன்னைக்கு உள்ள நெலமைக்கு, வெறும் பக்கிரின்னு கேட்டா சொல்லுவாங்களா தம்பி?